இரும்பு தெரியும் வரை

நீலகிரி மலை பாறையின் மேல் நிற்கிறது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் சமவெளிக்காரராக இருக்க வேண்டும், மன்னித்துவிடலாம். உண்மையில் நீலகிரி மலை நிற்பது விதி எண் 14 ஆ-வின் மேல். அந்த விதி மட்டும் இல்லாதிருந்தால் ஊட்டி எப்போதோ வழுக்கிக்கொண்டு போய் மேட்டுப்பாளையத்தில் விழுந்திருக்கும்.

அந்த விதியை உலகுக்கு அளித்தது 'நீலகிரி மாவட்டப் பாரம்பரிய மோட்டார் வாகனப் பாதுகாப்பு மற்றும் பராமரிப்பு மன்றம்'. முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் குன்னூர் பஸ் கிளம்பிவிடும் என்பதால் ஊரில் எல்லாரும் 'மன்றம்' என்று நிறுத்திக்கொள்வார்கள். ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு பழைய பங்களா, அதற்கு ஆளுயர இரும்புக் கேட், கேட்டின் மேல் ஒரு தகரப் பலகை, உள்ளே பதினொரு பழைய கார்கள், பதினொரு பழைய உறுப்பினர்கள். கார்களில் சில இன்னும் ஓடுகின்றன.

ஆண்டுதோறும் மே மாதம் அந்தப் புல்வெளியிலிருந்து 'பாரம்பரியப் பவனி' புறப்படும். வெளியாட்களின் வண்டிகளும் சேரலாம். ஆனால் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் விதி எண் 14 ஆ-வைத் தாண்ட வேண்டும். அந்த விதியை நின்றுகொண்டே படிப்பது நல்லது:

'மறுவர்ணம் பூசப்படும் எந்த வாகனமாயினும் அதன் பழைய வர்ணம் இரும்பு தெரியும் வரை சுரண்டப்பட வேண்டும். பின்னர் காந்தம் கொண்டு சோதிக்கப்படும். காந்தம் ஒட்டாத இடம் பட்டி எனக் கருதப்படும். பட்டி வைத்தது பாரம்பரியம் ஆகாது, அது மோசடி.'

பட்டி என்றதும் ஆட்டுப்பட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். துரு தின்ற ஓட்டையையும் இடிபட்ட பள்ளத்தையும் அடைக்கப் பெயின்டர்கள் அப்புகிறார்களே, மாவு மாதிரி ஒரு பசை, அதற்குத்தான் பட்டி என்று பெயர். காய்ந்தால் கல்லாகிவிடும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் வண்டியைப் பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரியாது. காந்தத்துக்கு மட்டும் தெரியும்.

அந்தக் காந்தம் மன்றச் செயலாளர் ஹரிதாஸிடம் இருந்தது. முப்பத்திநாலு வருஷம் அரசாங்க வேலையில் கடைக்காரர்களின் எடைக்கல்லைச் சோதித்து ஓய்வு பெற்றவர். ஒரு கிராம் குறைந்தாலும் விடமாட்டார், கூடினாலும் விடமாட்டார். சிவப்பு நூலில் கட்டிய லாடக் காந்தத்தை, மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கிய வெல்வெட் பெட்டியில் வைத்திருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டுதானே பெரிய காரியங்களைச் செய்ய முடிகிறது.

இந்த விதியின் கீழே ஒரு நாள் ரஹீம் வந்து மாட்டிக்கொண்டார்.

ரஹீமுக்கு ஐம்பத்தேழு வயது. குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் முப்பத்தொரு வருஷமாகக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார். 'ரஹீம் பாய் கை வச்சா வண்டியில மூஞ்சி பார்த்துச் சவரம் பண்ணலாம்' என்று டாக்ஸி ஸ்டாண்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சுதான் அவர் சம்பாத்தியம். ஷெட்டுக்குப் பலகைகூட மாட்டியதில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, கிருஷ்ணம்மாள் தன் காரை ஷெட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். வெலிங்டன் கன்டோன்மென்ட்டில் டெலிபோன் ஆபரேட்டராக முப்பத்தாறு வருஷம் இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பதிலாக எழுபத்தாறாம் வருஷம், தன் சம்பளத்தில், 'மைனா' என்றொரு குட்டிக் கார் வாங்கினார். மைனாவைச் செய்த கம்பெனி மூன்றே வருஷம் உயிரோடு இருந்தது. மைனாவின் உடம்பில் இரும்பே கிடையாது. கண்ணாடி நூலும் ரெசினும் சேர்த்து வார்த்த பைபர். அடியில் சேஸிஸ் என்கிற சட்டம் மட்டும் இரும்பு. குன்னூர் மழை எத்தனையோ வண்டிகளைத் துருவாக்கித் தின்றுவிட்டது. மைனாவை நாற்பது வருஷம் நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"தம்பி, இதுக்குப் பெயின்ட் அடிக்கோணும். பவனிக்குப் போறேன்" என்றார் கிருஷ்ணம்மாள்.

"பவனிக்குங்களா அக்கா? அந்தக் கூட்டமெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?"

"கூட்டத்துக்குப் போகலீங்க. அந்தக் கேட்டுக்குள்ள போகோணும். அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். மைனா வாங்கிய புதிதில், எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசருக்கு அதே பெர்ன்ஹில் பங்களாவில் வழியனுப்பு விருந்து வைத்தார்கள். அப்போது அது எஸ்டேட் துரைமார்களின் கிளப். கிருஷ்ணம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தன் சொந்தக் காரில் போய் இறங்கினார். கேட்டில் இருந்த ஆள் பானெட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். 'டங்' என்று கேட்கவில்லை; 'டொக்' என்று கேட்டது. "இது வண்டி இல்லீங்க, வாளி. வாளியெல்லாம் பின்கேட்டு வழியாத்தான் வரோணும்" என்றான். உள்ளே படியில் நின்றிருந்த துரைமார்கள் சிரித்தார்கள். கிருஷ்ணம்மாள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். விருந்துக்கும் போகவில்லை, அந்தக் கேட்டின் பக்கமும் போகவில்லை. நாற்பது வருஷம் ஆகியும் அந்த 'டொக்' காதை விட்டுப் போகவில்லை.

இதைக் கேட்டதும் ரஹீம், "போயிரலாமுங்க அக்கா, முன்கேட்டு வழியாவே" என்று சொல்லிவிட்டார். விதி எண் 14 ஆ அப்போது அவர் நினைவில் இல்லை.

பைபருக்குப் பெயின்ட் அடிப்பது இரும்புக்கு அடிப்பது போல இல்லை. பழைய பெயின்ட்டைக் கரைக்க மருந்து ஊற்றக் கூடாது. அது பெயின்ட்டைத் தின்றுவிட்டுப் பைபரையும் ஒரு வாய் பார்க்கும். தீ காட்டக் கூடாது. கையால்தான் தேய்க்க வேண்டும், தண்ணீர் விட்டு, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால், விரலுக்குப் புத்தி வரும்வரை. ரஹீம் தேய்த்தார். நீலம் போயிற்று, அதன் கீழே கிளிப்பச்சை வந்தது. கிளிப்பச்சை போய் வெள்ளை வந்தது. வெள்ளையும் போனபின், மூன்றாம் வாரத்தில், பிறந்தபோது இருந்த மாம்பழ மஞ்சள் கண்ணைத் திறந்து பார்த்தது. அது பெயின்ட்டே இல்லை. வார்க்கும்போதே மேல்தோலில் கலந்த நிறம். அதற்கு மேல் தேய்க்கக் கூடாது.

தேய்த்த தூள் கண்ணாடித் தூள். கை, கழுத்து, முதுகு எல்லாம் அரிப்பு. வீட்டுக்குப் போனால் மனைவி நபீசா வாசலிலேயே நிறுத்திப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவாள். குன்னூரில், பிப்ரவரியில்.

"சுடுதண்ணி வெக்கலாமில்ல?" என்பார் ரஹீம், பல் நடுங்க.

"சுடுதண்ணி ஊத்துனா தூளு தோலுக்குள்ள போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க? யாரோ ஒரு அக்கா கேட்டுக்குள்ள போறதுக்கு எம்புருஷன் விறைச்சுப் போகோணுமா? திரும்புங்க."

பவனிக்குப் பெயர் கொடுத்த வண்டி என்பதால், இந்த நிலையில்தான் மன்றத்தின் முதல் ஆய்வு நடந்தது. ஹரிதாஸ் குடையும் படிவமுமாக ஷெட்டுக்கு வந்தார்.

"பாய், இரும்பு தெரிஞ்சுதா?"

"இதுல இரும்பு இல்லீங்க சார்."

"இன்னும் தெரியலைன்னு சொல்லுங்க. இல்லைன்னு சொல்லாதீங்க. இல்லைங்கறதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை."

"பைபருங்க சார். கண்ணாடி நூலு, ரெசின்."

"சரி. அதுக்குக் கீழே எவ்வளவு ஆழத்துல இருக்கும்?"

"என்னதுங்க?"

"இரும்பு."

ரஹீம் வாட்டர் பேப்பரைக் கீழே வைத்தார். "சார், இந்தப் பக்கமிருந்து தேச்சா அந்தப் பக்கம் சீட்டு வருமுங்க. நடுவுல வேற ஒண்ணும் கிடையாது. அடியில சேஸிஸ் இருக்குது. கொஞ்சம் படுத்துப் பார்த்தீங்கன்னா இரும்பைக் கண்ணாலயே பார்த்துரலாம்."

ஹரிதாஸ் தரையைப் பார்த்தார். தரையில் மூன்று நிறத்தில் சேறு இருந்தது. "செயலாளர் படுக்கறதுக்கு விதியில இடம் இல்லை" என்றார் வருத்தத்துடன். பிறகு படிவத்தில் 'இரும்பு: தேடப்பட்டு வருகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பத்தே நாளில் மன்றத் தலைவர் பாலசுப்பிரமணியத்திடமிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் பட்டறையில் உள்ள மேற்படி வாகனத்தில் இரும்பைக் கண்டறிவதில் ஏற்பட்டுள்ள தாமதத்தை மன்றம் கவலையுடன் நோக்குகிறது' என்று தொடங்கியது. இரும்பு எங்கே ஒளிந்திருந்தாலும் பவனிக்கு முன்பாக வெளியே வர வேண்டும் என்று முடிந்தது. கடைசி வரியில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது: பட்டி வைத்து ஏமாற்றும் பெயின்டர்களின் பெயர் கேட்டில் ஒட்டப்படும்.

ரஹீம் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலசுப்பிரமணியம் யார் என்று சொல்ல வேண்டும். பெரிய தேயிலை கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். பேசும்போது காற்றுகூட எழுந்து நிற்கும். அவருடைய 'மகாராணி' என்கிற கார், முப்பத்தெட்டில் லண்டனில் செய்தது, மன்றத்தின் மணிமுடி. கறுப்பு உடம்பு, வெள்ளி விளக்குகள். பவனியில் எப்போதும் அதுதான் முதல் வண்டி, பரிசும் எப்போதும் அதற்குத்தான், பரிசு கொடுக்கும் நடுவரும் எப்போதும் அவர்தான். இதில் சிக்கனம் இருக்கிறதே தவிர வேறெதுவும் இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த மகாராணியைத் தார்ப்பாய் போட்டு மூடி ரஹீமின் ஷெட்டுக்குக் கொண்டு வந்தார்கள். தார்ப்பாயை எடுத்தபோது கதவில் பாதி தார்ப்பாயோடு வந்தது. ஊட்டிப் பனி மகாராணியை அப்பளமாக்கிவிட்டிருந்தது. புதுத் தகடு வெட்டிப் பற்றவைக்க ஆறு மாசம் ஆகும் என்றார் ரஹீம். பவனிக்கு ஒரு மாசம்தான் இருக்கிறது என்றார் தலைவர். பிறகு ரஹீமின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பாய், எப்படியாவது ஒப்பேத்திடுங்க. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். வாக்குக் கொடுங்க" என்றார். ரஹீம் வாக்குக் கொடுத்தார். கொசுவலை, பழைய செய்தித்தாள், அதன் மேல் பட்டி. மொத்தம் பதினாறு டின். இடது கதவுக்குள் எந்தத் தேர்தலின் முடிவு இருக்கிறது என்பதுகூட ரஹீமுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தப் பதினாறு டின்னும் இப்போது அவர் வீட்டுப் படியில் வரிசையாக நிற்கின்றன. நபீசா அவற்றில் ஜெரேனியம் வைத்திருக்கிறாள்.

"லெட்டரு போட்டிருக்காரே, ஒரு டின்னை எடுத்துக்கிட்டுப் போய் அவரு மேசையில வெச்சுட்டு வாங்களேன்" என்றாள். "பூவோட வெச்சா மரியாதையாவும் இருக்கும்."

"வாக்குக் கொடுத்திருக்கேன் நபீசா."

"அவருக்கு வாக்கு. நமக்குப் பேரு கேட்டுல. நல்லாருக்குது."

மறுநாள் காலையில் ரஹீம் வேலைக்குப் போய்விட்டார்.

மைனாவின் உடம்பில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் இருந்தன. பட்டியை இழுத்து மூடினால் அரைநாள் வேலை. ஆறு மாசத்தில் மறுபடியும் எட்டிப்பார்க்கும். ரஹீம் ஒவ்வொரு கீறலையும் வாய்க்கால் மாதிரித் திறந்து, ரெசினில் நனைத்த கண்ணாடி நூலை உள்ளே வைத்து, அந்த உடம்போடு உடம்பாகச் சேர்த்தார். ஒரு தேக்கரண்டி பட்டிகூட வைக்கவில்லை. பைபர் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும் என்பதால் வண்டிக்குள் நூறு வாட் பல்புகளைத் தொங்கவிட்டு எட்டு நாள் காயவைத்தார். பார்க்க வந்த கிருஷ்ணம்மாள், "முட்டையா வெச்சிருக்கீங்க, குஞ்சு பொரிக்கறதுக்கு?" என்றார். பிரைமர் அடித்து, அதன் மேல் கறுப்பைத் தூவானமாகத் தூவி, மறுபடி தேய்த்தார். கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம் என்று அர்த்தம். ஒரு பொட்டுக் கறுப்பும் மிஞ்சாத நாளில் பனி விலகி வெயில் வந்தது. அந்த ஒரு வெயிலில் மாம்பழ மஞ்சளை அடித்து முடித்தார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது, அத்தனை அழகு.

பவனி நாள் வந்தது. பெர்ன்ஹில் கேட்டுக்கு வெளியே வண்டிகள் வரிசையாக நின்றன. குன்னூரிலிருந்து டாக்ஸிக்காரர்களும் மார்க்கெட் ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நபீசாவும் வந்திருந்தாள். கேட்டுக்கு உள்ளே பந்தலின் கீழ், கழுத்தில் மாலையோடு மகாராணி. பக்கத்தில் கோட்டுப் போட்ட தலைவர். கிருஷ்ணம்மாள் அதே பழைய பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு மைனாவின் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

ஹரிதாஸ் வெல்வெட் பெட்டியைத் திறந்தார். மைனாவின் கதவில் காந்தத்தை வைத்தார். விழுந்தது. பானெட்டில் வைத்தார். விழுந்தது. கூரை, பின்பக்கம், மட்கார்டு என்று ஆறு இடத்தில் வைத்தார். ஆறு இடத்திலும் காந்தம் மரியாதையாகக் கீழே இறங்கிவிட்டது. ஹரிதாஸின் முகத்தில் அதிர்ச்சியை மீறி ஒரு பரவசம் தெரிந்தது.

"சார்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். "நூத்துக்கு நூறு பட்டி. மன்ற வரலாற்றுலயே முதல் தடவை. வண்டி முழுக்கப் பட்டியாலயே செஞ்சிருக்காங்க."

தலைவர் கேட்டருகே வந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, "ரஹீம், உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கலை" என்றார். கை பிடித்த அன்று 'பாய்' இருந்தது. இன்று அது எங்கேயோ விடுப்பில் போயிருந்தது. "ஹரிதாஸ், பேரை எழுதி ஒட்டுங்க. அந்த அம்மா வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பட்டும்."

டாக்ஸிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஹீமுக்கு உடம்பெல்லாம் கூசியது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ வண்டிக்குப் பட்டி வைத்திருக்கிறார், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு பிடி பட்டிகூட வைக்காத ஒரே வண்டிக்கு இந்தப் பெயர். அதையும் சொல்வது யார் என்று நினைத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கூட்டத்தில் நபீசா அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். 'வாயைத் திறங்க' என்பது அந்த முறைப்புக்கு அர்த்தம். அவர் திறக்கவில்லை.

கிருஷ்ணம்மாள் வண்டியை விட்டு இறங்கினார்.

"ஏனுங்க ஹரிதாஸ் சார், அந்தக் காந்தம் நல்லாத்தான் இருக்குதுங்களா?"

"ரெண்டு கிலோ தூக்குமுங்க மேடம். நானே எடைபோட்டுப் பார்த்தேன்."

"அது ஒட்டுனா எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லீங்க. என்ர வண்டியிலதான் ஒட்டலை, ஒட்டறது எப்படின்னாவது ஒருக்கா பார்த்துட்டுப் போயிர்றேன். அதா, தலைவரு வண்டி நிக்குதே, அதுல காட்டுங்களேன்."

கிருஷ்ணம்மாள் இதை வெள்ளந்தியாகக் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா? முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு என்னென்ன தெரியும் என்பது இன்றுவரை நீலகிரியில் யாருக்கும் தெரியாது.

"அதெல்லாம் தேவையில்லை" என்றார் தலைவர், கொஞ்சம் வேகமாக.

"இல்லீங்க சார், காட்டிடுவோம்" என்றார் ஹரிதாஸ். பக்தனுக்குச் சாமியைக் காட்டிக்கொடுப்பதில் இருக்கும் ஆசை அவருக்கு. "அசல் இரும்புன்னா என்னன்னு பொதுமக்களும் தெரிஞ்சுக்கணும்."

மகாராணியின் கதவில் காந்தத்தை வைத்தார். விழுந்தது.

காந்தத்தில் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். விழுந்தது. பானெட்டில் வைத்தார். மட்கார்டில் வைத்தார். கதவுக் கீலில்கூட வைத்தார், அங்கேயும் பட்டி. வண்டியைச் சுற்றி ஒரு முழு வலம் வந்த பிறகு காந்தம் கடைசியில் நம்பர் பிளேட்டில் ஒட்டியது. ஹரிதாஸின் முகம், எடைக்கல்லுக்கே எடை போதாமல் போன மாதிரி ஆகிவிட்டது.

"இது என்னங்க சார்?" என்று தலைவரைக் கேட்டார். தலைவர் மகாராணியின் மாலையைச் சரிசெய்யத் தொடங்கினார். ஹரிதாஸ் திரும்பினார். "பாய், நீங்க சொல்லுங்க. இது என்ன?"

எல்லாரும் ரஹீமைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். கோட்டுக்குள்ளே அவர் பாதியாகிவிட்டிருந்தார். ஒரு வார்த்தை போதும், 'பட்டி' என்று. அது ரஹீமின் பெயரைக் காப்பாற்றும். ஆனால் வாக்குப் போய்விடும். கேட்டும் திறக்காது, இரண்டு வண்டியும் பட்டி என்று எழுதிவிட்டு ஹரிதாஸ் கேட்டைப் பூட்டிவிடுவார், அவ்வளவு நேர்மையான ஆள்.

ரஹீம் மகாராணியின் பக்கம் போய், பானெட்டை விரல் முட்டியால் தட்டினார். 'டொக்'.

"பைபருங்க சார்" என்றார். "அக்கா வண்டி மாதிரியே. அசல் பைபர்."

தலைவர் அந்தச் சொல்லைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு கிணற்றிலிருந்து மேலே வந்தார். "ஆமா" என்றார். "பைபர்தான். நான்தான் சொல்ல மறந்துட்டேன். பாய் சரியாச் சொன்னாரு."

"முப்பத்தெட்டுலயே பைபருங்களா சார்?" என்றார் ஹரிதாஸ்.

"லண்டன்காரன் எதையும் முன்கூட்டியே யோசிக்கிறவன், ஹரிதாஸ்."

"அப்போ நேத்துவரைக்கும் ஏனுங்க சார் இரும்புன்னு எழுதினோம்?"

"நேத்து வேற, இன்னிக்கு வேற. அவசரக் கூட்டம் போடுங்க."

அவசரக் கூட்டம் மகாராணியின் நிழலிலேயே நடந்தது. பதினொரு உறுப்பினர்களும் கூடி, ஆறு நிமிஷத்தில் விதி எண் 14 இ-யை ஒருமனதாக நிறைவேற்றினார்கள்: 'காந்தம் எங்கும் ஒட்டாத வாகனம் அசல் பைபர் வாகனமாகக் கருதப்பட்டு, முன்வாயில் வழியே உரிய மரியாதையுடன் அனுமதிக்கப்படும்.' மரியாதை என்கிற சொல்லைச் சேர்க்கச் சொன்னவர் தலைவரே. இதிலிருந்து அவருடைய பெருந்தன்மை விளங்கும். தன் வண்டிக்கும் சேர்த்துத்தானே அந்த மரியாதை.

கேட்டின் ஒரு கதவைத்தான் முதலில் திறந்தார்கள்.

"இன்னொண்ணும் தொறங்க கண்ணு" என்றார் கிருஷ்ணம்மாள். மைனா அந்தக் கேட்டுக்கு ஒரு கதவே அதிகம் என்கிற அளவுக்குச் சின்ன வண்டி. இரண்டையும் திறந்தார்கள். முதல் கியரில், மெதுவாக, நாற்பது வருஷத்தை ஓட்டிக்கொண்டு அவர் உள்ளே போனார். கண் கலங்கியிருந்ததை மறைக்கவும் இல்லை. ரஹீமைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கி, "வாளி உள்ள வந்துருச்சு தம்பி" என்றார். ரஹீமுக்கு இருந்த அரிப்பெல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

மாலையில் பரிசளிப்பு. 'சிறந்த அசல் பைபர் வாகனம்' என்கிற புதுக் கோப்பை மகாராணிக்குக் கிடைத்தது. மைனாவின் கதவுக் கீலில் காந்தம் ஒட்டிவிட்டதாம். மகாராணியில் அந்தக் குறையும் இல்லை. நடுவர் பாலசுப்பிரமணியம் கோப்பையை எடுத்து உரிமையாளர் பாலசுப்பிரமணியத்திடம் கொடுத்தார். கிருஷ்ணம்மாள் எல்லாரையும்விட அதிக நேரம் கைதட்டினார்.

மன்றம் நன்றி மறக்கவில்லை. ஜூன் மாதம் ஹரிதாஸே குன்னூருக்கு வந்து ரஹீமிடம் ஒரு கௌரவமான வேலையைக் கொடுத்தார். கேட்டின் மேலுள்ள தகரப் பலகையைப் புதுப்பிக்க வேண்டும், விதிப்படி. ரஹீம் விதிப்படியே இரும்பு தெரியும் வரை சுரண்டினார். 'நீலகிரி' என்கிற இடத்தில் இரும்பு தெரிந்தது. 'மன்றம்' என்கிற இடத்திலும் தெரிந்தது. நடுவே 'மாவட்டப் பாரம்பரிய' முதல் 'பராமரிப்பு' வரை உள்ள இடத்தைச் சுரண்டியபோது ஷெட்டின் தரை தெரிந்தது. அத்தனையும் துரு.

"நடுவுல அடைச்சிருக்கேனுங்க" என்றார் ரஹீம், பலகையைத் திருப்பிக் காட்டி. இரண்டு ஓரத்திலும் பழைய பெயரின் எழுத்துகளைப் புது மஞ்சளில் எழுதியிருந்தார். நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை. "காயட்டும். மழை நின்னதும் மிச்சப் பேரை எழுதித் தாரேன்."

மழை எப்போது நிற்கும் என்று ஜூன் மாதத்தில் யாரைக் கேட்பது? பலகை இல்லாமல் மன்றம் ஒரு நாளும் இருக்கக் கூடாது என்பது விதி எண் 3. ஹரிதாஸ் பலகையை வாங்கிக்கொண்டு போய் அப்படியே கேட்டில் மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை மைனா அந்த வழியாக வந்தது. கிருஷ்ணம்மாள் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிப் பலகையைப் பார்த்தார். கீழே ஹரிதாஸ் குடையுடன் நின்றிருந்தார்.

"ஏனுங்க, 'நீலகிரி' தெரியுது, 'மன்றம்' தெரியுது. நடுவுல வெள்ளையா என்னதுங்க அது?"

ஹரிதாஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "பட்டிங்க மேடம்" என்றார்.

"ஓ" என்றார் கிருஷ்ணம்மாள். பிறகு இடமிருந்து வலமாக, எதையும் விடாமல், நிதானமாகப் படித்தார். "நீலகிரி பட்டி மன்றம். நல்ல பேருங்க. நடுவருகூட இருக்காரு."

மைனா போய்விட்டது. அவர் வெலிங்டன் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெயர் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, டெலிபோன்காரர் அல்லவா. ரஹீம் மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது.

ஹரிதாஸ் கேட்டடியில் நின்றுகொண்டே இருந்தார். பழக்கதோஷத்தில் வெல்வெட் பெட்டியைத் திறந்து, குதிகாலை உயர்த்தி, பலகையின் நடுவில் காந்தத்தை வைத்தார். அது அவர் உள்ளங்கையிலேயே திரும்பி விழுந்தது. 14 இ-யைச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பலகை வாகனம் அல்ல. மிச்சம் இருந்தது 14 ஆ. அவரே எழுதிய விதி, மனப்பாடம். மழைக்குள் நின்று முணுமுணுத்தார்: "காந்தம் ஒட்டாத இடம் பட்டி. பட்டி வைத்தது பாரம்பரியம் ஆகாது, அது..."

உள்ளே தலைவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஹரிதாஸ், பலகையில என்ன படிக்கிறீங்க?"

"நம்ம பேரைத்தானுங்க சார்" என்றார் ஹரிதாஸ்.